யதார்த்தமா பார்த்தேன்

நீரஜாவுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் மட்டும் ஆகாது. யதார்த்தம். காய்கறிக்காரர் "யதார்த்தமா சொல்றேம்மா, இன்னிக்குக் கத்திரிக்கா வேணாம்" என்றால்கூட அவள் முகம் ஒரு கணம் இருண்டுவிடும். வயது முப்பது. அடையாறில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். அதாவது கௌரவம் தருவார்கள், வேலை நிரந்தரம் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். சர்வதேச உறவுக் கோட்பாடுகள் என்ற தாளை நடத்துகிறாள். அந்தத் தாளின் முதல் பாடமே யதார்த்தவாதம். பிடிக்காத சொல்லை வருஷத்துக்கு நாற்பது தரம் கரும்பலகையில் எழுத வேண்டுமென்று தலையில் எழுதியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

இவள் மயிலாப்பூர்க்காரி. வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்ககத்தில் அம்மாவும் பெண்ணும். அப்பா இவள் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை, உழைப்பாளி என்று எல்லோரும் சொன்னார்கள். எந்த வகுப்பிலும் முதலாவதாக வந்ததே இல்லை. எப்போதும் இரண்டாவது, மூன்றாவது. எம்.ஏ.வில் சர்வதேச உறவுகள் எடுத்தபோது, இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது, நம்மாத்துல யாருக்குப் பாஸ்போர்ட் இருக்கு என்று அம்மா கேட்டாள். கேள்வி நியாயம்தான்.

பல்கலைக்கழகத்தில் அந்த வகுப்பில் பதினெட்டுப் பேர். முதலாவதாக வந்தவள் ஜுவேரியா. சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்புறம் வீடு. வீட்டில் உருது, தெருவில் தமிழ், ஆங்கிலம் மட்டும் நூலகத்தில் உட்கார்ந்து அவளே பிடுங்கிக் கற்றுக்கொண்டது. அப்பா இனாயத் தி.நகரில் ஒரு சந்தில் ரவிக்கை தைக்கிறவர். அவரைப் பாவா என்று கூப்பிடுவாள். இவளும் மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை அதே பக்கம் ஒரு மேட்சிங் சென்டரில் கவுன்ட்டரில் நிற்பாள். புடவையைக் கொண்டுவந்து காட்டினால் அதற்கேற்ற ரவிக்கைத் துணியை அடுக்கிலிருந்து உருவித் தர வேண்டும். மாம்பழ மஞ்சளுக்கும் மஞ்சள் கிழங்கு மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கொளியில் பார்த்தே சொல்லிவிடுகிறவளுக்கு, இரண்டு கோட்பாடுகளுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் தெரியாமல் போகுமா? ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துவிட்டு, தமிழ்வழியில் படித்து வந்த பாதி வகுப்புக்கும் இவள்தான் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுப்பாள்.

பேராசிரியர் ஸ்ரீரங்கன் யதார்த்தவாதத்தை நடத்திய அன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும். நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது, அடி வாங்கினால் போய்ப் புகார் கொடுக்க ஸ்டேஷன் கிடையாது, ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் தன் கையே தனக்கு உதவி என்றார். அடுத்தவன் மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாதபோது மோசமானதையே எதிர்பார்த்து ஏற்பாடு செய்துகொள்கிறவன் பிழைப்பான். இப்படி நினைக்கிறவர்களுக்குப் பெயர் யதார்த்தவாதிகள். ஜுவேரியா எழுந்து நின்றாள்.

"சார், எங்க பாவாவைத்தான் எங்க தெருவுல யதார்த்தமான மனுஷன்னு சொல்வாங்க. சூது வாது ஒண்ணும் தெரியாது அவருக்கு. அவரு எப்படி சார் இந்தக் கட்சில சேருவாரு?"

வகுப்பு சிரித்தது. ஸ்ரீரங்கனும் சிரித்துவிட்டு, வீட்டு யதார்த்தம் வேறு, ஏட்டு யதார்த்தம் வேறு, பரீட்சையில் பாவாவை எழுதினால் மார்க் வராது என்றார். யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதில் வருகிறவன் உள்ளதை உள்ளபடி சொல்லி ஊர்ப் பகையைத் தேடிக்கொள்கிறவன். இதில் வருகிறவன் உள்ளதை மறைத்து ஊரை ஜெயிக்கிறவன் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. கேன்டீனில் ஒருவனை முந்திக்கொண்டு கடைசி வடையை வாங்கிவிட்டால், "யதார்த்தமா நடந்துகிட்டேன்டி" என்பாள் ஜுவேரியா. நூலகத்தில் ஒரே பிரதியாக இருக்கும் புத்தகத்தை வேறு அடுக்கில் ஒளித்து வைத்துவிட்டு நீரஜா அதையே சொல்வாள். இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு அவர்களுக்குள் வேறு அர்த்தமே இல்லாமல் போயிற்று. பறக்கும் ரயிலில் திருமயிலை வரைக்கும் சேர்ந்து வருவார்கள், பேசித் தீராது. நீரஜாவுக்கு அதற்கு முன்னும் அப்படி ஒரு சிநேகிதி இருந்ததில்லை, பின்னும் இல்லை.

கடைசிப் பருவத்தின்போது ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம். ஏரிகள் வறண்டு, தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டி நின்றது. அந்த வருஷக் கருத்தரங்கில் ஜுவேரியா அந்த வரிசையை வைத்தே பாதுகாப்புச் சிக்கல் என்பதை விளக்கினாள். லாரி வராது என்று பயந்து ஒருத்தி இரண்டு குடம் கூடுதலாக வைக்கிறாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்து நாலு வைக்கிறாள். அவளும் கெட்டவள் இல்லை. சாயங்காலத்துக்குள் இருவருக்கும் மண்டை உடைகிறது. யார் மீதும் தப்பில்லாமல் ஒரு சண்டை எப்படி வருகிறது என்பதுதான் இந்தப் பாடம் என்று அவள் முடித்தபோது, ஸ்ரீரங்கன் எழுந்து நின்று கை தட்டினார். நீரஜாவும் தட்டினாள். தனக்கு அவர் ஒருநாளும் அப்படி எழுந்து நின்றதில்லை என்று தட்டும்போதே நினைத்துக்கொண்டாள். பொறாமைதான், வேறென்ன.

ஸ்ரீரங்கன் ஓய்வுபெறச் சில வருஷங்களே இருந்தன. முனைவர் பட்டத்துக்கு அவரிடம் ஒரே ஒரு இடம் பாக்கி. நுழைவுத் தேர்வில் தேறியவர்கள் இவர்கள் இருவர் மட்டும். ஜூன் மாதக் கடைசியில் நேர்முகம் முடிந்தது, பத்து நாளில் பட்டியல் வரும் என்றார்கள். ஜுவேரியாவுக்கு இடம் கிடைத்தால் உதவித்தொகை வரும், கடையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கலாம், கிடைக்காவிட்டால் கவுன்ட்டர்தான். நீரஜாவுக்குக் கிடைக்காவிட்டால் ஜாதகக் கட்டோடு காத்திருக்கும் அம்மாவுக்கு வேறு காரணம் தேவைப்படாது. இருவருமே இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் இருப்பது நாகரிகம் என்று நினைத்தார்கள், பாவம்.

ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜுவேரியாவிடமிருந்து வாட்ஸப்பில் வந்தது: "சாரை இன்னிக்கு யதார்த்தமா பார்த்தேன். உன்னைப் பத்தியும் பேசினேன். நேர்ல சொல்றேன்."

நீரஜா அதை மூன்று தரம் படித்தாள். யதார்த்தமாகப் பார்த்தாளாமே! நமக்குள் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? போய்ப் பார்த்து, காரியத்தை முடித்துக்கொண்டு, அதைச் சிரித்துக்கொண்டே எழுதவும் செய்கிறாள். 'உன்னைப் பத்தியும்' என்றால் என்ன பேசியிருப்பாள்? மூன்று முறை கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு மேல் அணைந்துவிட்டது. கடையில் கைபேசியை வாங்கி மேஜையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், ஒன்பதுக்குத்தான் தருவார்கள். இது நீரஜாவுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது மணி வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

முழுநேர ஆய்வு மாணவர் வேறு வேலையில் இருக்கக்கூடாது என்பது விதி. விண்ணப்பத்தில், 'தற்போது பணியில் உள்ளீரா' என்ற கட்டத்தில் ஜுவேரியா 'இல்லை' என்று எழுதியிருந்தாள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. நியமன உத்தரவு, கையெழுத்து, ஒன்றும் இல்லாத கடை வேலையை யார் பணி என்று சொல்வார்கள்? எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீரஜாவைக் கேட்டுக்கொண்டுதான் எழுதினாள். இவளும் அது கணக்கில் வராது என்று சொன்னாள்.

லஸ் முனையில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து தட்டினாள் நீரஜா. கையால் எழுதினால் கையெழுத்து தெரிந்துவிடும் என்கிற அளவுக்குப் புத்தி வேலை செய்தது. கடையின் பெயர், இடம், நேரம், எல்லாம் எட்டே வரி. அச்செடுத்துக் கொடுத்த ஆள் படித்துப் பார்த்துவிட்டு, கீழே பேர் போடலையேம்மா என்றான். வேண்டாம் என்றாள். மொட்டைக் கடிதமா என்று கேட்காமல் கேட்டு, காகிதத்தை மடித்துக் கொடுத்தான். மறுநாள் காலையில், துறையின் வாசலில் திங்கட்கிழமை மட்டும் திறக்கிற தபால் பெட்டிக்குள் அது விழுந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, நிம்மதியாகவே இருந்தது. இதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

சனிக்கிழமை காலை ஜுவேரியா மயிலாப்பூருக்கே வந்துவிட்டாள். தெப்பக்குளத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று, மூச்சுவிடாமல் சொன்னாள். வியாழக்கிழமை மத்தியானம் பாவா தைத்துக் கொடுத்த ரவிக்கைகளை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் கொடுக்கப் போனாளாம். லிஃப்ட் கதவு திறந்தால் உள்ளே ஸ்ரீரங்கன் நிற்கிறார். அவருக்கு அதே கட்டடத்தில்தான் வீடு என்று இவளுக்குத் தெரியாது.

"யதார்த்தமா பார்த்ததுதான் நீரு, இல்லன்னா எனக்கு ஏது அவ்ளோ தைரியம்? கீழ வர்றதுக்குள்ள கேட்டுட்டேன். ஒருத்தரை நீங்க எடுத்துக்குங்க, இன்னொருத்தருக்கு வரலாற்றுத் துறையில இணை வழிகாட்டி போட்டு எடுக்க முடியாதா சார்னு. யோசிச்சாரு. முடியும், செவ்வாக்கிழமை கமிட்டியில நானே எழுதிக் குடுக்கறேன்னாரு. ரெண்டு பேருக்கும்டி."

வீட்டு யதார்த்தம்! தற்செயலாக, கள்ளமில்லாமல், ஊரில் எல்லோரும் சொல்கிற அர்த்தத்தில் அவள் எழுதியிருக்கிறாள். பாவாவின் பெண் வேறெப்படி எழுதுவாள்? ஜுவேரியா நீரஜாவைக் கட்டிக்கொண்டாள். இவள் கை மட்டும் எழவில்லை.

சனியும் ஞாயிறும் அலுவலகம் கிடையாது. திங்கட்கிழமை ஒன்பதரைக்கே நீரஜா துறைக்குப் போய்விட்டாள். பெட்டியைத் திறந்து தபால்களை எடுத்து மேஜையில் தட்டில் வைத்துவிட்டு எழுத்தர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். மேலிருந்து மூன்றாவது உறை அவளுடையது. ஒட்டிய பசை ஓரத்தில் பிதுங்கியிருந்ததுகூடத் தெரிந்தது. கையை நீட்டினால் போதும். அறையில் ஒருவரும் இல்லை.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன் என்றுதான் நீரஜா தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பயமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. கமிட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால்? இணை வழிகாட்டி கிடைக்காமல் கடைசியில் ஒரே இடம்தான் என்று ஆகிவிட்டால், அது யாருக்குப் போகும்? எழுந்து நின்று கை தட்டினாரே, அவர் யாரை எடுப்பார்? கடிதத்தை எழுதியது ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததால் என்று வைத்துக்கொள்ளலாம். எடுக்காமல் விட்டதை அப்படிச் சொல்ல முடியாது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்புறம் எல்லாம் விதிப்படி நடந்தது. தவறான தகவல் கொடுத்ததாக ஜுவேரியாவின் விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. கடைக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள், கவுன்ட்டரில் நின்றவளையே விசாரித்தார்கள். புகார் வந்த இடத்தில் கூடுதல் இடம் கேட்க ஸ்ரீரங்கன் விரும்பவில்லை. இருந்த ஓர் இடம் நீரஜாவுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது பெயர் இல்லாத பட்டியல்.

ஒரு வாரம் கழித்து ஜுவேரியா வாழ்த்துச் சொல்ல வந்தாள். அழவில்லை. மெலிந்திருந்தாள். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, கடையில் துணி மடிக்கிற வேலம்மா இருக்கிறாளே, அவள் வேலைதான் இது என்று முதலாளி சந்தேகப்படுகிறார் என்றாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்ததில் முதலாளிக்கு ஏகக் கோபம், தொழிலாளர் பதிவேடு எதுவும் ஒழுங்காக இல்லாத கடை. வேலம்மாவை அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

"நீ என்ன நினைக்கிற நீரு? வேலம்மாவா இருக்குமா?"

கேட்டுவிட்டு நீரஜாவின் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இருக்கும்டி," என்றாள் நீரஜா.

சரி என்று தலையாட்டிவிட்டு ஜுவேரியா எழுந்து போனாள். அதற்குப் பிறகு ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து வரும், போகும். அவ்வளவுதான். அவள் மறுபடி எந்த விண்ணப்பமும் போடவில்லை. இன்றைக்கும் அதே கடையில்தான் நிற்கிறாள், இப்போது மூத்த ஆள். நீரஜா பட்டம் வாங்கினாள். அடையாறில் வேலைக்குச் சேர்ந்தாள். யதார்த்தவாதத்தை நடத்துவாள், பாதுகாப்புச் சிக்கல் வரும்போது மட்டும், அதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

போன ஆகஸ்டில் அனன்யா என்ற மாணவி விடவில்லை. மேம், கேள்வித்தாளில் வருஷா வருஷம் வருகிறது, நாங்கள் எங்கே போய்ப் படிப்பது, ஒரு உதாரணமாவது சொல்லுங்கள் என்றாள். நீரஜா சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினாள். திரும்பியவளுக்கு மறுபடி வகுப்பைப் பார்க்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். அன்று மாலையே யாரிடமாவது சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்றிருந்தது. ஜுவேரியாவிடம் போகக் கால் வரவில்லை. வேலம்மா ஊரூர் குப்பத்துக்காரி என்று ஜுவேரியா எப்போதோ சொன்னது நினைவிருந்தது. முன்பின் பழகாத ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம் என்று கணக்குப் போட்டாள். பழக்கதோஷம்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் சாலை ஓரமாகப் பலகை போட்டு மீன் விற்கிறவர்களில் ஒருத்தியாக வேலம்மா இருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நீரஜா வாசனைக்குப் பழகாமல் சற்றுத் தள்ளியே நின்று, தி.நகர் மேட்சிங் சென்டர், ஜுவேரியா, கடிதம் என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். நான்தான் என்ற சொல் வாய்க்கு வருவதற்குள் வேலம்மா குறுக்கிட்டாள்.

"அந்தக் கதைய இன்னாத்துக்கு இப்ப எடுக்கிற? நான் எழுதுனதுன்னு சொல்லித்தானே தொரத்துனாங்க. எனக்கு எழுதத் தெரியாது தாயி. கைநாட்டு. என் ரேஷன் கார்டு, பேங்கு சலான் அல்லாத்தையும் அந்தப் பொண்ணுதான் எழுதிக் குடுக்கும். நான் எழுதலன்னு அதுக்குத் தெரியாதா?"

வேலம்மா பலகையில் ஒரு மீனைப் புரட்டி வைத்துவிட்டு மேலே சொன்னாள்.

"மொதலாளி 'வேலம்மாவா'ன்னு கேக்க சொல்ல, தலைய குனிஞ்சிக்கினு நின்னுச்சு. ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நான் பஸ்ஸுக்கு நிக்க சொல்ல பின்னாலயே ஓடியாந்துச்சு. ஏண்டி இப்படிப் பண்ணேன்னு கேட்டேன். 'எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும்க்கா. எனக்கு இருக்கறது ஒரே ஒரு சிநேகிதி. அவதான்னு நான் வாயால சொல்லிட்டேன்னா அவளும் இல்லாம பூடுவா'ன்னு அழுவுது. உன் சிநேகிதிய காப்பாத்த என் சோத்துல மண்ணப் போட்டியேன்னு நல்லா திட்டி வுட்டுட்டேன். இன்னா பண்றது."

தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவை, முகத்தைப் பார்த்து, வேலம்மாவா இருக்குமா என்று. உண்மையைச் சொல்ல ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்திருக்கிறாள். நீரஜா அதை ஆறு வருஷம் தப்பித்துக்கொண்ட நேரமாக நினைத்து வைத்திருந்தாள்.

வேலம்மா மீன் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்து, இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த சிநேகிதி நீதானா?"

நீரஜா ஆமாம் என்று தலையை அசைத்தாள். திட்டுவாள், கத்துவாள், நாலு பேரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அது இப்ப எங்க கீது?"

"அதே கடைலதான்."

"அப்ப இங்க இன்னாத்துக்கு வந்த? அங்க போ," என்று சொல்லிவிட்டு, வஞ்சிரம் விலை கேட்ட ஒருவர் பக்கம் வேலம்மா திரும்பிக்கொண்டாள்.

பெசன்ட் நகர் பேருந்து நிலையத்தில் தி.நகர் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. மணி ஆறு. ஒன்பது வரை ஜுவேரியா கடையில்தான் இருப்பாள். நீரஜா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். இரண்டாம் தரம் கேட்டபோது, தப்பான பஸ் ஏறிவிட்டேன் என்று சொல்லி இறங்கிவிட்டாள்.